பதினாறு லட்சத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து நாலு

இதைப் படிக்கிறதுக்கு முன்னாடி ஒரு சின்ன வேலை. கீழே இருக்கிற எண்ணை வாய்விட்டுத் தமிழ்ல படிங்க.

16,00,984

திக்காமப் படிச்சுட்டீங்கன்னா நீங்க என்னைவிடப் பெரிய ஆள். நான் "ஒன் மில்லியன் சிக்ஸ் ஹண்ட்ரட் தௌசண்ட்"னு ஆரம்பிச்சேன். பக்கத்துல முருங்கைக்கீரை ஆய்ஞ்சுக்கிட்டு இருந்த எங்க ஆயா, "பதினாறு லட்சத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து நாலுன்னு சொல்லேண்டி, அது என்னா மில்லியன்?"னு கேட்டாங்க. அவங்க அஞ்சாவது வரைக்கும் படிச்சவங்க. நான் கம்ப்யூட்டர் சயின்ஸ் ஃபைனல் இயர்.

என்னைப் பத்தி இன்னொரு விஷயமும் சொல்லிடறேன். எல்கேஜியில இருந்து இங்கிலீஷ் மீடியம். புதுச்சேரியில நிறைய பேர் மாதிரி மார்க்குக்காக செகண்ட் லாங்குவேஜ் ஃபிரெஞ்ச் எடுத்தவ. வீட்டுல பேசற தமிழ்தான் எனக்குத் தெரிஞ்ச தமிழ். இதுல சந்திப்பிழை இல்லாம இருந்தா அதுக்குக் காரணம் நம்ம மேகசின் டீம்.

இனி கதைக்கு வரேன். கதை ஒரு சண்டையில ஆரம்பிக்குது.

எங்க தாத்தா 2024 மார்ச் 6, புதன்கிழமை சாயங்காலம் தவறிட்டார். நான் அப்ப செகண்ட் இயர். மறு வருஷம் தலைத்திவசம் வந்துச்சு. திதி கொடுக்க எந்த நாள்னு பார்க்கணும். அப்பா ஃபோன்ல இருக்கிற ஆப்பைப் பார்த்து ஞாயிற்றுக்கிழமைன்னு சொன்னார். சித்தப்பா, தாத்தா வழக்கமா வாங்கற பஞ்சாங்கத்தைப் பார்த்துட்டு திங்கட்கிழமைன்னு சொன்னார். ஆப்பில் இருந்தது திருக்கணிதம். தாத்தாவோடது வாக்கியம்.

இந்த ரெண்டு வார்த்தையும் உங்களுக்குப் புதுசா இருந்தா, திருநள்ளாறை நினைச்சுக்கங்க. நம்ம மாநிலத்துல, காரைக்கால் பக்கத்துல இருக்கிற கோயில். திருக்கணிதப்படி 2023 ஜனவரி 17-ஆம் தேதியே சனிப்பெயர்ச்சி முடிஞ்சுது. திருநள்ளாறு வாக்கியத்தைப் பின்பற்றுது. அதனால அங்க விழா நடந்தது 2023 டிசம்பர் 20-ஆம் தேதி. ஒரே சனி, பதினோரு மாச வித்தியாசம். எங்க வீட்டுல ஒரு நாள்தான் வித்தியாசம். ஆனா அண்ணன் தம்பிக்குள்ள அது போதும்.

நடுவுல நான் போய் நின்னேன். லேப்டாப்பைத் திறந்து நாசா கொடுக்கிற நிலா டேட்டாவை எடுத்து வெச்சுக்கிட்டு, சித்தப்பா முன்னாடியே, "வாக்கியப் பஞ்சாங்கம் தப்பு சித்தப்பா. அது சயின்ஸே கிடையாது, சும்மா மனப்பாடம்"னு சொன்னேன். சித்தப்பா எதுவும் பேசலை. ஆயாதான் பேசினாங்க. "நாப்பது வருஷமா உங்க தாத்தா இதைப் பாத்துத்தான் அவங்க அப்பாவுக்குத் திதி குடுத்தாரு. அதெல்லாம் போய்ச் சேரலியா?"

எனக்குப் பதில் தெரியலை. கடைசியில அப்பா ஞாயித்துக்கிழமையும், சித்தப்பா திங்கட்கிழமையும் தனித்தனியா திதி கொடுத்தாங்க. ஆயா ரெண்டு நாளும் படையல் வெச்சாங்க. "ரெண்டு நாளும் சாப்பிடட்டும், மனுஷனுக்குப் பசிக்காதா"ன்னு சொல்லிச் சிரிச்சாங்க. மத்தவங்க யாரும் சிரிக்கலை. அதுக்கப்புறம் சித்தப்பா வீட்டுக்கு வரதே குறைஞ்சு போச்சு.

இது மூணாவது வருஷத்துக் கதை. ஃபைனல் இயர்ல ப்ராஜெக்ட் ஃபர்ஸ்ட் ரிவ்யூ வந்தது. டெமோ நல்லா ஓடுச்சு. ரிவ்யூக்கு வந்த சார் என் கோடை ஸ்க்ரோல் பண்ணி ஒரு இடத்துல நிறுத்தினார். "ரேண்டம் ஸ்டேட் நாற்பத்திரண்டுன்னு போட்டிருக்கியேம்மா, ஏன் நாற்பத்திரண்டு?"

"எல்லாரும் அதான் சார் போடுவாங்க."

"லேர்னிங் ரேட் ஏன் 0.001?"

"டாக்குமென்டேஷன்ல அப்படித்தான் இருந்துச்சு சார்."

அவர் கோபப்படலை. மெதுவா, "அப்ப உனக்குத் தெரியலை, ஞாபகம் மட்டும்தான் இருக்கு"ன்னு சொன்னார். சித்தப்பாகிட்ட நான் சொன்ன அதே "சும்மா மனப்பாடம்" எனக்கே திரும்பி வந்துச்சு.

அந்த வாரம் மனசு சரியில்லாம, ஃபிரெஞ்ச் படிச்ச காலத்துல பாதியில விட்ட ஒருத்தரைப் பத்தி மறுபடி படிக்க ஆரம்பிச்சேன். பேர் லெ ஜான்தீ. வெள்ளிக் கோள் சூரியனைக் கடந்து போறதைப் பார்க்க 1760-ல ஃபிரான்ஸ்ல இருந்து புதுச்சேரிக்குக் கிளம்பினவர். அவர் வந்து சேர்றதுக்குள்ள ஊர் ஆங்கிலேயர் கையில போயிடுச்சு. 1761 ஜூன் 6 அன்னைக்கு நடுக்கடல்ல, ஆடற கப்பல்ல நின்னார். எதையும் அளக்க முடியலை. எட்டு வருஷம் காத்திருந்து 1769 ஜூன்ல நம்ம புதுச்சேரியிலயே தொலைநோக்கியோட தயாரா நின்னார். சரியா அந்தக் காலையில மேகம் மூடிடுச்சு. ஊருக்குத் திரும்பினா அவர் செத்துட்டார்னு சொத்தைப் பங்கு போட ஆரம்பிச்சிருந்தாங்க.

இந்தச் சோகக் கதை எல்லாருக்கும் தெரியும். எனக்குத் தெரியாதது வேற ஒண்ணு. காத்திருந்த காலத்துல அவர் இங்க இருந்த தமிழர்கள்கிட்ட கிரகணக் கணக்குக் கத்துக்கிட்டார். 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணம் எவ்வளவு நேரம் நீடிச்சுதுன்னு ரெண்டு முறையிலயும் ஒப்பிட்டார். தமிழ்க் கணக்கு 41 விநாடி குறைவாச் சொல்லுச்சு. அன்றைய ஐரோப்பாவின் சிறந்த அட்டவணையான டோபியாஸ் மேயரோடது 68 விநாடி அதிகமாச் சொல்லுச்சு.

நாற்பத்தோரு விநாடி! நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

அங்க இருந்து இன்னொருத்தர்கிட்ட போய்ச் சேர்ந்தேன். ஜான் வாரன். மெட்ராஸ் வானியல் ஆய்வகத்துல கொஞ்ச காலம் பொறுப்புல இருந்தவர், 1830-ல புதுச்சேரியிலயே இறந்தவர். தென்னிந்தியாவில் காலத்தைக் கணக்கிடும் முறைகளைப் பற்றி 1825-இல் 'கால சங்கலித' என்ற பெரிய புத்தகத்தை மெட்ராஸில் வெளியிட்டார். அதில் நம்ம ஊர்க்காரர் ஒருத்தர் வர்றார். புதுச்சேரியில் குடியிருந்த பஞ்சாங்கக்காரர். வாரன் எழுதியிருக்கிற பேரைப் படிச்சா 'சாமி நாடன் சஷியா'ன்னு வருது. சாமிநாதன் சேஷய்யா மாதிரி ஒரு பேரா இருந்திருக்கும்.

வாரன் அவரைச் சந்திர கிரகணம் ஒண்ணைக் கணக்குப் போட்டுக் காட்டச் சொன்னார். 1825 மே 31-க்கும் ஜூன் 1-க்கும் இடைப்பட்ட இரவு வந்த கிரகணம். அவர் காகிதம் கேட்கலை, அட்டவணை கேட்கலை. தரையில் சோழிகளைப் பரப்பினார். மனப்பாடமா வெச்சிருந்த சொற்களைச் சொல்லிக்கிட்டே சோழிகளை நகர்த்தினார், விடை சொன்னார். கிரகணம் தொடங்கும் நேரம் 4 நிமிஷம்தான் விலகல். நடுநேரம் 23 நிமிஷம், முடிவு 52 நிமிஷம்.

அவரைப் பத்தி வாரன் சொல்ற கருத்து என்ன தெரியுமா? அவருக்கு வானியல் கோட்பாடு ஒரு வார்த்தைகூடத் தெரியாது, ஆனா ஞாபக சக்தி அபாரம்னு. இருநூறு வருஷத்துக்கு முன்னாடி, நான் தினமும் பஸ்ல போற இதே ஊர்ல, ஒருத்தர் எனக்குக் கிடைச்ச அதே கமென்ட்டை வாங்கியிருக்கார்.

அவர் எதை மனப்பாடம் பண்ணியிருந்தார்? முக்கியமா நாலு எண். 16,00,984. 12,372. 3,031. 248. இதுங்களுக்குப் பின்னாடி ஏதாவது இருக்கா, இல்ல என்னோட நாற்பத்திரண்டு மாதிரிதானான்னு பார்க்கணும்னு தோணுச்சு.

சின்னதுல இருந்து வருவோம். நிலா பூமியைச் சுத்தற பாதை சரியான வட்டம் இல்லை. ஒரு பக்கம் கிட்ட வரும், அப்ப வேகமா ஓடும். எதிர்ப்பக்கம் தூரமாப் போகும், அப்ப மெதுவா நகரும். தூரத்துப் புள்ளியில இருந்து கிளம்பி மறுபடி தூரத்துப் புள்ளிக்கு வர 27.55455 நாள் ஆகும். இந்த பின்னம்தான் தலைவலி. நிலா எப்ப வேகம், எப்ப மெதுன்னு ஒரு அட்டவணை போட்டா, அது முழு நாள்ல முடிஞ்சு முதல்ல இருந்து திரும்ப ஓடணும். எத்தனை சுற்றுக்கு ஒரு தடவை முழு நாளா வரும்?

ரெண்டு சுற்று 55 நாள், கிட்டத்தட்ட. ஒன்பது சுற்று 248 நாள். விலகல் வெறும் 13 நிமிஷம். அதனாலதான் நிலாவுக்கு 248 வாக்கியம், ஒரு நாளைக்கு ஒண்ணு. 110 சுற்றுன்னா 3,031 நாள். எட்டு வருஷத்துக்கு மேல. அதுல விலகல் ஒரு நிமிஷம்கூட இல்லை. 449 சுற்றுன்னா 12,372 நாள், விலகல் 10 நிமிஷம்.

இப்ப இதைப் பாருங்க.

4 × 55 + 28 = 248
12 × 248 + 55 = 3,031
4 × 3,031 + 248 = 12,372

ஒவ்வொரு எண்ணும் அதுக்கு முந்தின ரெண்டு எண்ல இருந்து பிறக்குது. (28-ங்கிறது ஒரு சுற்றை மேல் பக்கம் முழுசாக்கினது.) கணிதத்துல இதுக்குத் தொடர் பின்னம்னு பேர். ஒரு தசமத்தைச் சின்னச் சின்ன முழு எண்களால நெருங்கறதுக்கான நல்ல வழி. நான் செமஸ்டர்ல படிச்சு, எழுதி, மறந்த விஷயம். 248 பாபிலோன் களிமண் பலகையிலயும் எகிப்துல கிடைச்ச கிரேக்கப் பாப்பிரஸ்லயும் நிலாக் கணக்குல வருதுன்னு வரலாற்று அறிஞர் ஓட்டோ நொய்கெபாவர் காட்டியிருக்கார். 1952-ல வெளியான அந்தக் கட்டுரைக்கு அவர் வெச்ச தலைப்பே 'தமிழ் வானியல்'. ஆக, இந்த எண்கள் சும்மா இல்லை. யாரோ ரொம்ப நல்லாப் புரிஞ்சுக்கிட்டுச் செஞ்சது.

அடுத்து பெரிய எண். 16,00,984 எப்படிப் பிறந்துச்சு? அதே மாதிரி 12,372-ஐ வெச்சுப் பெருக்கிப் பார்த்தேன், பொருந்தலை. பைத்தான்ல போட்டுப் பகாக் காரணிகளாப் பிரிச்சேன்.

16,00,984 = 2 × 2 × 2 × 7 × 11 × 23 × 113

ஒண்ணும் புரியலை. ரெண்டு நாள் முறைச்சுப் பார்த்தேன். நிலாவோட எந்தச் சுழற்சியும் அதுக்குள்ள இல்லை. மூணாவது நாள்தான் அந்த 7 கண்ணுல பட்டுச்சு. ஏழுன்னா வாரம். கலியுகம் தொடங்கினது வெள்ளிக்கிழமைன்னு கணக்கு. பொது ஆண்டுக்கு முன் 3102, பிப்ரவரி 18. அங்க இருந்து ஏழால மிச்சமில்லாம வகுபடற நாள் கழிச்சா வர்றதும் வெள்ளிக்கிழமைதான்.

அப்பத்தான் உறைச்சுது. நான் எண்ணுக்குள்ள ரகசியம் தேடிட்டு இருந்தேன். அது ஒரு தேதி!

கலி தொடங்கி 16,00,984 நாள் கழிச்சு வர்ற நாள் 1282 மே 22. வெள்ளிக்கிழமை. அன்னைக்குக் காலையில நிலா அந்தத் தூரத்துப் புள்ளியில இருந்ததா அவங்க கணக்கு சொல்லுது. அதாவது, அட்டவணையை முதல் வரியில இருந்து தொடங்க வசதியான நாள். வாரன் தர்ற பட்டியல்ல அந்த நாளுக்கான நிலாவோட இடம் 212 டிகிரின்னு இருக்கு. அது விசாக நட்சத்திரம். சூரியனைக் கணக்குப் போட்டா மாசம் வைகாசி. அந்த எண்ணுக்குள்ள ஒரு வைகாசி விசாகம் ஒளிஞ்சிருக்கு.

கம்ப்யூட்டர் சயின்ஸ் நண்பர்களே, நம்ம மெஷின் எல்லாம் 1970 ஜனவரி 1-ல இருந்து நேரத்தை எண்ணுது இல்லையா, அதே ஐடியாதான். பழைய தொடக்கம் ரொம்பத் தூரத்துல இருந்தா, சின்னப் பிழையும் பெருகும். அதனால கிட்ட ஒரு புதுத் தொடக்கம் வெச்சுக்கணும். இந்த முறையைச் சொல்ற 'வாக்கிய கரணம்' நூல் 1300 வாக்கில் காஞ்சிபுரம் பக்கம் எழுதப்பட்டதுன்னு அறிஞர்கள் சொல்றாங்க. 1282 அதுக்குச் சரியாப் பொருந்துது.

எண்களை எப்படி மனசுல வெச்சாங்கங்கிறது இன்னொரு அழகு. கடபயாதின்னு ஒரு முறை. ஒவ்வொரு மெய்யெழுத்துக்கும் ஒரு இலக்கம். க, ட, ப, ய நாலும் 1. சொல்லை எண்ணாக்கி வலமிருந்து இடமாப் படிக்கணும். பாட்டுக் கத்துக்கறவங்களுக்கு இது தெரிஞ்சிருக்கும். மேசகல்யாணியில மே 5, ச 6, திருப்பினா 65. அது 65-ஆவது மேளகர்த்தா. அதே மாதிரி 248-க்கு 'தேவரம்'னு பேர். தேவன்ல வர்ற த 8, வ 4, ர 2. திருப்பினா 248. 3,031-க்கு 'கலாநிலம்'. க 1, ல 3, ந 0, ல 3. திருப்பிப் பாருங்க.

சாமிநாதனோட கணக்கை நானும் போட்டுப் பார்த்தேன். 1825 ஜூன் 1 வரைக்கும் கழிஞ்ச கலி நாள் 17,99,313. அதுல 16,00,984 போனா 1,98,329. அதுல 12,372 பதினாறு தடவை போகும், மீதி 377. அதுல 3,031 போகாது. 248 ஒரு தடவை போகும், மீதி 129. ஆக, 129-ஆவது வாக்கியம். போன ஒவ்வொரு சுழற்சிக்கும் நிலா எவ்வளவு நகர்ந்துச்சுன்னு தனித்தனியா ஒரு மதிப்பு இருக்கு, அதையும் கூட்டணும். 129-ஆவது நாளுக்கு எவ்வளவுன்னு மட்டும் நானே ஒரு சின்ன புரோகிராம்ல எடுத்தேன். கூட்டினா நிலா 229 டிகிரி பக்கம் வந்துச்சு. அன்னைக்குச் சூரியன் 49 டிகிரி பக்கம். வித்தியாசம் 180. நிலா, பூமி, சூரியன் ஒரே கோட்டுல. கிரகணம்! ராத்திரி ஒன்றரை மணிக்கு நான் கத்தின கத்துல அம்மா எழுந்து வந்துட்டாங்க.

அப்படின்னா நான் சித்தப்பாகிட்ட சொன்னது தப்பா? முழுசாத் தப்பும் இல்லை. சூரியனோட இழுப்பால நிலாவோட ஓட்டத்துல இன்னும் சில ஆட்டங்கள் வரும். அது இந்த 248 வாக்கியத்துல தனியா இல்லை. அமாவாசை பௌர்ணமி பக்கத்துல அந்தக் குறை பெருசாத் தெரியாது, கிரகணம் ஓரளவு சரியா வந்துடும். நடுவுல வர்ற திதிகள்ல சில மணி நேரம் விலகும். தாத்தா போனது தேய்பிறை ஏகாதசி. நடுவுல மாட்டிக்கிட்ட திதி.

ஆனா நான் சொல்லாம விட்டது இருக்கு. வாக்கியம் செஞ்சவங்க மனப்பாடக்காரங்க இல்லை. புரிஞ்சுக்கிட்டவங்க, புரியாதவங்களும் சரியா விடை எடுக்கட்டும்னு சுருட்டிக் கொடுத்தது அது. நாம இம்போர்ட் பண்ற லைப்ரரி மாதிரி. சாமிநாதன் அந்த லைப்ரரியை ஓட்டத் தெரிஞ்சவர். அது கேவலம் இல்லை. உள்ள இருக்கிறதைத் திறந்து பார்க்கிற ஆள் இல்லாமப் போறதுதான் ஆபத்து. 52 நிமிஷப் பிழையை அவரால பார்த்திருக்க முடியும், திருத்தியிருக்க முடியாது. திறந்து திருத்தினவங்களும் இருந்தாங்க. கேரளத்துல சங்கமக்கிராமத்து மாதவன் பதினாலாம் நூற்றாண்டு வாக்கிலயே 248 வாக்கியத்தையும் இன்னும் நுட்பமா மறுபடி எழுதினார். திருக்கணிதமும் அந்த மாதிரி ஒரு திருத்தம்தான். ஒரே கணக்கோட பழைய வெர்ஷனும் புது வெர்ஷனும் எங்க வீட்டு ஹால்ல சண்டை போட்டுக்கிட்டு இருந்திருக்கு.

இதையெல்லாம் ஆயாகிட்ட எப்படிச் சொல்றது? தொடர் பின்னத்துக்கு நான் எங்க போவேன்? பல்லாங்குழிப் பலகை பரண்ல இருந்துச்சு. சோழியை எடுத்துக்கிட்டு வந்து ஹால்ல உட்கார்ந்தேன். சாக்பீஸால தரையில ஆறு கட்டம் போட்டேன். லட்சம், பத்தாயிரம், ஆயிரம், நூறு, பத்து, ஒண்ணு.

"தாத்தா போன நாளைக் கணக்குப் போடலாம் ஆயா"ன்னு சொன்னேன். கீரையைத் தள்ளி வெச்சுட்டு வந்து உட்கார்ந்தாங்க.

அந்த நாள் வரைக்கும் கழிஞ்ச கலி நாள் 18,71,910. அதுல இருந்து 16,00,984-ஐ எடுக்கணும்னு நான் அந்த எண்ணைப் படிச்சப்பதான் மில்லியன் சமாச்சாரம் நடந்துச்சு. மீதி 2,70,926. சோழியை வெச்சோம். இப்ப இதுல 12,372 எத்தனை தடவை போகும்? என் கை தானா ஃபோனுக்குப் போச்சு. ஆயா கையைத் தட்டி விட்டாங்க.

"பத்துக் கட்டா எடுடி. பத்து தடவைன்னா ஒரு லட்சத்து இருபத்து மூவாயிரத்து எழுநூத்து இருபது. ரெண்டு கட்டு போகும்."

ரெண்டு கட்டு போச்சு. 23,486. இன்னும் ஒண்ணு, 11,114. அதுல 3,031 மூணு தடவை. மீதி 2,021. அதுல 248-ஐ ஆயா முதல்ல அஞ்சு கட்டா ஆயிரத்து இருநூத்து நாப்பது எடுத்தாங்க, அப்புறம் ஒண்ணு ஒண்ணா மூணு. சீட்டுக் காசு எண்ணின கை அது. நான் ஒரு கட்டத்துல கடன் வாங்கறதுக்குள்ள அவங்க அடுத்த கட்டத்துல இருந்தாங்க. கடைசியில பத்துக் கட்டத்துல மூணு சோழி, ஒண்ணுக் கட்டத்துல ஏழு.

"முப்பத்தேழு"ன்னு சொன்னேன். "248 வாக்கியத்துல முப்பத்தேழாவது. அன்னைக்கு நிலா எங்க இருந்துச்சுன்னு அது சொல்லும்."

ஆயா அந்தப் பத்துச் சோழியையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கிட்டே இருந்தாங்க. அப்புறம் ஃபோனை எடுத்துக் கொடுக்கச் சொல்லி சித்தப்பாவுக்குப் பேசினாங்க. நான் ரெண்டு பாரா எழுதி விளக்கினதை ரெண்டே வார்த்தையில முடிச்சுட்டாங்க. "உன் காலண்டர் பொய்யில்லடா, பழசுடா."

ஞாயித்துக்கிழமை சித்தப்பா வந்தார். தரையில கட்டம் அழியாம இருந்துச்சு, ஆயா கூட்ட விடலை. நான் முதல்ல அன்னைக்குப் பேசினதுக்கு மன்னிப்புக் கேட்டேன். அப்புறம் சோழியை மறுபடி வெச்சுக் காட்டினேன். அப்பா ரூம்ல இருந்து எட்டிப் பார்த்துட்டு, "அந்த நம்பர் எப்படி வந்துச்சு?"ன்னு கேட்டார். சித்தப்பாதான் பதில் சொன்னார். "வைகாசி விசாகம்ணே." ரெண்டு பேரும் ஒண்ணா டீ குடிச்சாங்க. அடுத்த திதி எந்த நாள்ங்கிறதை இன்னும் யாரும் பேசலை. பேசும்போது நான் லேப்டாப்பைத் திறக்கப் போறதில்லை.

செகண்ட் ரிவ்யூக்கு முன்னாடி என் கோடுல இருக்கிற எல்லா எண்ணுக்கும் பக்கத்துல, அது ஏன் அந்த எண்ணுன்னு ஒரு வரி கமென்ட் எழுதினேன். நாற்பத்திரண்டுக்கு நேரா, "காரணம் இல்லை, பழக்கம்"னு எழுதினேன். சார் அதைப் படிச்சுட்டுச் சிரிச்சார். மத்த எண்ணையெல்லாம் கேட்டார், சொன்னேன்.

உங்க வீட்டுல சோழி இருந்தா நீங்களும் போட்டுப் பாருங்க. 2000 ஜனவரி 1 வரைக்கும் கழிஞ்ச கலி நாள் 18,63,079. அதோட உங்க பிறந்தநாள் வரைக்கும் உள்ள நாட்களைக் கூட்டிக்கங்க. சரியாக் கூட்டினீங்களான்னு ஏழால வகுத்துப் பாருங்க. மீதி 0 வந்தா வெள்ளி, 1 வந்தா சனி, அப்படியே போகும். அப்புறம் 16,00,984-ஐக் கழிச்சுட்டு 12,372, 3,031, 248-னு வரிசையா எடுங்க. கடைசி மீதிதான் நீங்க பிறந்த அன்னைக்கான வாக்கியம். ஃபோனைத் தொடாதீங்க, வீட்டுல பெரியவங்க யாரையாவது கூப்பிட்டுக்கங்க.

யாருக்காவது முப்பத்தேழு வந்தா எனக்குச் சொல்லுங்க. அது எங்க தாத்தாவோட நம்பர்.